ஓக்கு மரமும் அலுமாரியும்

நம் வீடுகளிலே நாள்தோறும் வழங்கும் சொற்களுட் சில கடல் கடந்து வந்தவை. போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் அவரை வென்று கோட்டையைத் தமதாக்கினர். முன்னவர் நமக்கு விட்டுச் சென்றவற்றுள் அலுமாரி, குசினி, மேசை, கதிரை என்னும் பெயர்கள் உள. பின்னவர் தந்தது லாச்சி. பீரங்கியும் கொடியும் போய்விட்டன. அலுமாரியும் அதன் லாச்சியும் நம் குசினியிலே இன்றும் நிற்கின்றன.

இவற்றுள் அலுமாரி என்னும் சொல்லின் பிறப்பு சுவையுடையது. போர்த்துக்கேயரின் ‘அர்மாரியோ’ இலத்தீன் மொழியின் ‘அர்மாரியும்’ என்பதன் வழிவந்தது. அது முதலில் படைக்கலம் வைக்கும் இடத்தையும், பின்னர் ஏடும் உடையும் கலமும் வைக்கும் பேழையையும் குறித்தது. அச்சொல்லே பிரெஞ்சு மொழியில் ‘ஆர்முவார்’ ஆயிற்று. ஆங்கில நாட்டின் பழைய தேவாலயங்களிலே, சுவரிற் குடைந்த மாடத்துக்கு ஓக்கு மரக் கதவிட்டுத் திருப்பாத்திரங்களை வைத்துப் பூட்டுவர். அம் மாடத்துக்கு ‘ஓம்பிறி’ என்று பெயர். அதுவும் இதே வேரிற் கிளைத்ததே. எனவே தேம்சு நதிக் கரையிலும் நம் கடனீரேரிக் கரையிலும் ஒரு சொல்லே இருவேறு வழியால் வந்து குடியேறிற்று எனலாம்.

ஆங்கிலத்தில் இன்று அலுமாரிக்கு வழங்கும் ‘கப்போட்’ என்னும் சொல்லோ வேறு கதை கூறும். அது கிண்ணம் வைக்கும் பலகை என்னும் பொருளது. கதவும் பூட்டும் அதற்கு முதலில் இல்லை. செல்வர் தம் வெள்ளிக் கலங்களை விருந்தினர் காணும்படி அப்பலகையின்மேல் அடுக்கி வைத்தனர். ஒளித்து வைப்பதற்கு மாடமும் காட்டி வைப்பதற்குப் பலகையுமாக இருந்த இரண்டும் காலப்போக்கில் ஒன்றாகி, பலகையின் பெயரை மாடம் பெற்றுக்கொண்டது.

இவ்வலுமாரி, மண்டபத்தை விட்டு அடுக்களைக்கும் குளியலறைக்கும் எவ்வாறு சென்றது, அங்கே அதனை ஓக்கு மரத்தாற் செய்து சுவரோடு பொருத்தும் தொழில் எவ்வாறு வளர்ந்தது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள். இவ்வரலாற்றிலே மரம் ஒருபுறம் நிற்கின்றது; அதனை அறுத்துப் பொருத்திய தச்சன் ஒருபுறம் நிற்கின்றான்; அவன் செய்த கதவை ஒரு நாளில் நூறு முறை திறந்து மூடிய பெண் ஒருபுறம் நிற்கின்றாள். முதலிருவர் பற்றி ஏடுகள் பல உள. மூன்றாமவளிடம் எவரேனும் கருத்துக் கேட்டனரா என்று தேடினால், பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை நாம் காத்திருக்க நேரும்.

ஓக்கு மரம் ஈழத்திலும் தென்னிந்தியாவிலும் இயற்கையாய் வளர்வதன்று. கருவாலி என்று அகராதிகள் அதற்குப் பெயர் தரும். எனினும் அம்மரத்தின் ஒரு பொருளை நாம் அறியாமலே அறிந்திருக்கிறோம். குழந்தைகளுக்கு உரைமருந்து உரைக்கும் தாய்மார் நாட்டு மருந்துக்கடையில் வாங்கும் மாசிக்காய், மேற்காசியாவில் வளரும் ஓர் ஓக்கு வகையிலே பூச்சி துளைப்பதால் உண்டாகும் கரணை. காய் என்று பெயர் பெற்றதேயன்றி அது காயன்று. அதன் துவர்ப்புக்குக் காரணமான தனின் என்னும் பொருள் ஓக்கு மரத்தின் வைரத்திலும் நிறைந்துள்ளது. மாசிக்காயோடு அன்னபேதியைச் சேர்த்தால் கருமை உண்டாகும். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாக எழுதிய மை அவ்வாறு செய்யப்பட்டதே. அதே காரணத்தால் ஓக்குப் பலகையில் இரும்பாணி அறைந்து ஈரம் பட்டால் ஆணியைச் சுற்றி நீலமும் கருமையும் கலந்த கறை படரும். இச்சிறு செய்தி பின்னர்க் குளியலறைக்குச் செல்லும்போது நமக்கு வேண்டுவதாகும்.

ஆங்கில நாட்டில் இயல்பாய் வளரும் ஓக்கு இருவகை. வட அமெரிக்காவிலே வெள்ளை ஓக்கு, சிவப்பு ஓக்கு என்னும் இனங்கள் தச்சுக்குச் சிறந்தன. வெள்ளை ஓக்கின் வைரத்திலே நீர் செல்லும் நுண்குழாய்கள் தாமே அடைபட்டுவிடுகின்றன. ஆதலால் அது பீப்பாய்க்கும் படகுக்கும் ஏற்றது. சிவப்பு ஓக்கின் குழாய்களோ திறந்தே இருக்கும். அதன் சிறு துண்டொன்றின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி எழும். உலர்ந்த அடுக்களைக்கு இரண்டும் பொருந்தும். நீர் தெறிக்கும் இடத்துக்கு வெள்ளை ஓக்கே மேல்.

பழைய ஆங்கிலத் தச்சர் ஓக்கு மரத்தை முதலில் வாளால் அறுத்தாரல்லர். நேரான அடிமரத்தை ஆப்பு வைத்துப் பிளந்தனர். ஓக்கின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி, சக்கரத்தின் ஆரைகள்போல் அகன்ற இழைகள் ஓடுகின்றன. மரம் அவ்விழைகளின் வழியே இலகுவாய்ப் பிளக்கும். அவ்வாறு கிடைத்த பலகையின் முகத்திலே அவ்வாரை இழைகள் வெள்ளி இழைத்தாற்போல் மின்னும். அழகு ஒருபுறமிருக்க, அதனாற் பெரும் பயனும் உண்டு. மரம் உலரும்போது நீளவாக்கிற் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம். ஆரை வழியே சிறிது சுருங்கும். ஆண்டு வளையங்களின் வழியே ஏறக்குறைய அதனினும் இருமடங்கு சுருங்கும். ஆகவே ஆரை வழியாகப் பிளந்த பலகை கோணாது, வளையாது. இதனை அறிய அவர்களுக்கு நுண்பெருக்கி தேவைப்படவில்லை.

எனினும் எந்தப் பலகையும் அடியோடு அசையாதிருப்பதில்லை. மழைக்காலத்தில் அகலும், பனிக்காலத்தில் வீட்டினுள் நெருப்பு மூட்டும்போது சுருங்கும். அகலமான பலகைகளை அடுக்கி ஆணி அறைந்து செய்த பழைய பெட்டிகள் நெடுக வெடித்து நிற்பதற்கு இதுவே காரணம். இக்குறையைத் தீர்த்தது சட்டமும் பலகையுமாகச் செய்யும் முறை. நான்கு குறுகிய சட்டங்களைக் கழுந்தும் துளையுமாகப் பொருத்தி, அவற்றின் உள்விளிம்பிலே தவாளிப்பு எடுத்து, அத்தவாளிப்பினுள் மெல்லிய பலகையை ஒட்டாமலும் ஆணி அறையாமலும் செருகி விடுவர். சட்டம் தன் அளவை இழக்காது. பலகை உள்ளே தன் விருப்பம்போல் விரிந்து சுருங்கும். பொருத்தை இறுக்குவதற்குச் சட்டத்தின் துளையையும் கழுந்தின் துளையையும் வேண்டுமென்றே சற்று விலக்கித் துளைத்து, ஓக்கு முளையொன்றை அடித்து ஏற்றுவர். முளை வளைந்து சென்று கழுந்தை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வச்சிரப் பசை ஒரு துளியும் வேண்டியதில்லை. இம்முறை ஒல்லாந்து முதலிய தாழ்நாடுகளிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டிலே ஆங்கில நாட்டிற் பரவிற்று. மடித்து வைத்த துணியைப்போலப் பலகையைச் செதுக்கும் அலங்காரமும் அதனுடன் வந்தது. இன்று எந்த நாட்டு அடுக்களையிலும் நாம் காணும் அலுமாரிக் கதவு, உள்ளே பலகையும் சுற்றிலும் சட்டமுமாக இருக்குமாயின், அது அத்தச்சர் கண்ட விடையின் வழிவந்ததே. நெகிழியை அச்சில் அழுத்திச் செய்த கதவிற்கூட அச்சட்டத்தின் உருவத்தைப் பொய்யாகப் பதித்து விற்கின்றனர்.

புதிய முறை புதிய தொழிலாளரையும் உண்டாக்கிற்று. வீட்டுக் கூரையும் தூணும் செய்தவர் கட்டடத் தச்சர். கழுந்துப் பொருத்தினால் மனைப்பொருள் செய்தவர் பொருத்துத் தச்சர். இலண்டன் நகரிலே கட்டடத் தச்சர் கூட்டத்துக்கு 1477ஆம் ஆண்டிலும், பொருத்துத் தச்சர் கூட்டத்துக்கு எலிசபெத்து அரசியின் ஆட்சியில் 1571ஆம் ஆண்டிலும் அரச பட்டயம் கிடைத்தது. இருவருக்கும் இடையே எவர் எதைச் செய்வது என்னும் வழக்கு நெடுநாள் நடந்தது. ஈற்றில் 1632ஆம் ஆண்டில் நகர மூத்தோர் மன்றம் அதனை விசாரித்துத் தீர்ப்பளித்தது. கழுந்தும் துளையுமாகப் பொருத்துவன, புறாவின் வால்போல் விரிந்த பற்களாற் கோப்பன, பசையால் ஒட்டுவன ஆகியவை பொருத்துத் தச்சர்க்கு உரியன. ஆணி அறைந்து செய்யும் எளிய மேசை முதலியன கட்டடத் தச்சர்க்கு உரியன என்பது அத்தீர்ப்பின் சாரம். பொருளின் பெயரை வைத்தன்றி, அது பொருத்தப்படும் முறையை வைத்தே தொழிலைப் பிரித்தமை நோக்கற்பாலது. ஒரு மேசை ஆணியால் ஆனதாயின் ஒருவனுக்குச் சோறு. முளையால் ஆனதாயின் மற்றவனுக்குச் சோறு. மூட்டு என்பது அன்று அழகியற் பொருளன்று, பிழைப்பு.

அவ்வெல்லை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1666ஆம் ஆண்டின் பெருந்தீ இலண்டனை எரித்தது. நகரை விரைந்து கட்டுதற்பொருட்டு, கூட்டங்களிற் சேராத வெளியூர்த் தொழிலாளரும் ஏழாண்டு தடையின்றி வேலை செய்யலாம் என்று மறு ஆண்டிலே சட்டம் ஆக்கப்பட்டது. நோர்வே நாட்டு மென்மரம் கப்பல் கப்பலாக வந்து இறங்கிற்று. யோசேப்பு மொக்சன் என்பவர் 1678ஆம் ஆண்டு முதல் கைத்தொழில் நூலொன்றைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கி, இழைப்பு முறைகளையும் பொருத்து முறைகளையும் படத்துடன் விளக்கினார். கூட்டத்தார் தம் பயிலுநர்க்கு மட்டும் ஓதிக் கொடுத்த இரகசியங்கள் அச்சேறி, காசு கொடுத்தவர் எவர்க்கும் கிடைத்தன.

இனி மரத்தின் பக்கம் திரும்புவோம். ஆங்கிலேயரின் ஓக்குக்கு அலுமாரியினும் வலிய பகை ஒன்று இருந்தது, அதுதான் கப்பல். போர்க்கப்பல் கட்டுதற்கு மரம் அருகிவருகின்றதே என்று கடற்படையார் கேட்க, யோன் ஈவிலின் என்பவர் ‘சில்வா’ என்னும் நூலை 1664ஆம் ஆண்டில் வெளியிட்டு, காடு வளர்க்கும்படி நிலக்கிழார்களை வேண்டினார். பிரான்சில் கோல்பேர் என்னும் அமைச்சர் 1669ஆம் ஆண்டின் காட்டுச் சட்டத்தால் ஓக்குக் காடுகளைக் காவலுக்குள்ளாக்கினார். நெல்சனின் ‘விக்டரி’ என்னும் கப்பலுக்கு ஏறக்குறைய 6,000 மரங்கள் வீழ்ந்தன. அவற்றுட் பெரும்பாலன ஓக்கு. இந்நிலையிலே மனைப்பொருளுக்கு வேண்டிய நல்ல பலகையைத் தச்சர் போல்டிக் கடற்கரைத் துறைகளிலிருந்து வருவிக்கலாயினர். சுவர்ப் பலகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘வெயின்ஸ்கொட்’ என்னும் பெயர் ஆங்கிலச் சொல்லன்று. அம்மரத்தோடு சேர்ந்து வடகடல் வழியாக இறங்கிய வணிகச் சொல். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்பிடும் இக்கால ஆராய்ச்சி, பழைய ஓவியங்கள் தீட்டப்பட்ட பலகைகள் பலவும் அப்போல்டிக் காடுகளிற் பிறந்தவையே என்று காட்டியுள்ளது. அதே ஆராய்ச்சியால் இலண்டன் வெஸ்ட்மினிஸ்டர் மடத்தின் ஓக்குக் கதவொன்று 1032க்கும் 1064க்கும் இடையில் வெட்டிய மரத்தாலானது என்று 2005ஆம் ஆண்டில் அறியப்பட்டது. வில்லியம் படையெடுத்து வருமுன்பே அக்கதவின் மரம் வெட்டப்பட்டுவிட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டில் நாகரிகம் மாறிற்று. குடியேற்ற நாடுகளிலிருந்து வரும் மரத்துக்கு விதித்த தீர்வை 1721ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டதும், மேற்கிந்தியத் தீவுகளின் மகோகனி வந்து குவிந்தது. அடிமைகள் வெட்டிய மரம் அது. செந்நிறமும் பளபளப்பும் உடைய அதனைச் செல்வர் விரும்பினர். ஓக்கு, கூடத்தை விட்டு அகற்றப்பட்டுப் பின்கட்டுக்குச் சென்றது. அடுக்களையிலே தட்டும் கோப்பையும் அடுக்கும் ‘டிறெசர்’ என்னும் உயர்ந்த அடுக்கு, வேல்சு நாட்டு உழவர் வீடுகளிலே ஓக்கு மரத்தாற் செய்யப்பட்டுப் பெண்மக்கள் பெருமையோடு துடைத்துப் போற்றும் பொருளாய் நிலைத்தது. ஒரு மரம் நாகரிகத்தில் வீழ்ந்ததனால் அடுக்களை பெற்ற பேறு அது.

ஆனால் அவ்வடுக்களையை வகுத்தவர் யார்? பெருவீடுகளிலே அது நிலத்தின்கீழ் இருந்தது, வேலைக்காரர் புழங்கினர், கட்டடக் கலைஞர் அதனைப் புகை போகும் வழி ஒன்றைக் கருதியே வரைந்தனர். பணிப்பெண் ஒருத்தி பாத்திரம் ஒன்றை எடுக்க எத்தனை அடி நடக்கின்றாள் என்பது எவர்க்கும் கணக்கன்று. அக்கணக்கை முதலில் எழுப்பியவர்களுள் ஒருவர் அமெரிக்க ஆசிரியை கதரின் பீச்சர். அவர் 1841ஆம் ஆண்டில் மனையியல் நூலொன்றை எழுதினார். பின்னர் 1869ஆம் ஆண்டில், ‘தொம் மாமாவின் குடில்’ எழுதிய தம் தங்கை ஹரியற் பீச்சர் ஸ்ரோவுடன் சேர்ந்து வெளியிட்ட நூலிலே, நீராவிக் கப்பலின் சமையலறையை எடுத்துக்காட்டினார். அங்கே நூற்றுக்கணக்கானோர்க்குச் சமைக்கும் பொருளெல்லாம் கைக்கெட்டும் தொலைவில் உள. வீட்டிலோ பெண் ஓயாது நடக்கின்றாள் என்பது அவர் வாதம். மா வைக்கும் பெட்டி, பிசையும் பலகை, கழுவும் தொட்டி மூன்றையும் ஒரு வரிசையிற் சுவரோடு சேர்த்து அவர் வரைந்த படம், இன்றைய பொருத்து அடுக்களையின் முன்னோடி எனத் தகும். ஓக்கைக் கடல் தின்றது என்று மேலே கண்டோம். அடுக்களைக்கு ஒழுங்கு கற்பித்ததும் கடலே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ‘கூசியர்’ என்னும் பெயரால் அடுக்களை அலுமாரி ஒன்று தோன்றிற்று. மேற்புறத்தில் அரிப்புடன் கூடிய மாத் தொட்டி, நடுவில் இழுத்து நீட்டும் வேலைத்தட்டு, கீழே லாச்சிகள் என ஓர் அறையின் பொருளை ஓர் ஓக்கு அலுமாரியுள் அடக்கினர். அக்காலத்து வீடுகளில் சுவர் அலுமாரி இல்லாமையால் அது இலட்சக் கணக்கில் விலைபோயிற்று. தவணை முறையிலும் விற்றனர். பின்னர் வீடு கட்டுவோரே சுவர் நெடுக அலுமாரி அமைக்கத் தொடங்கியதும், அதன் காலம் முடிந்தது. அதே காலத்தில் கிறிஸ்ரின் பிறெடரிக் என்பவர் தொழிற்சாலை வேலையை அளப்பதுபோல் அடுக்களை வேலையையும் அளந்து 1912ஆம் ஆண்டு முதல் எழுதி வந்தார்.

அவர் எழுத்தைப் படித்தவர்களுள் ஒருவர் ஒசுத்திரிய நாட்டுக் கட்டடக் கலைஞர் மார்கரெற்ற லிகொட்ஸ்கி. ஜேர்மனியின் பிராங்பேட் நகராட்சி, முதலாம் உலகப் போருக்குப் பின் ஏழைத் தொழிலாளர்க்கு ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டியது. அவ்வீடுகளுக்கு அவர் 1926ஆம் ஆண்டில் வகுத்த சமையலறை 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் உடையது. புகைவண்டியில் உணவு சமைக்கும் பெட்டியை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். சுவரிலிருந்து இறங்கும் இஸ்திரிப் பலகை, சுழலும் முக்காலி, கைபிடி உள்ள சிறு லாச்சிகளில் அரிசியும் சீனியும் பருப்பும் என ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கண்டார். அலுமாரிகளுக்கு நீலநிறம் தீட்டினர். ஈ அந்நிறத்தில் அமர்வதில்லை என்று கருதப்பட்டதே காரணம். சிறு லாச்சிகள் அலுமினியத்தால் ஆயின. வெட்டும் பலகை பீச்சு மரத்தால் ஆயிற்று. மா வைக்கும் லாச்சி மட்டும் ஓக்கு மரம். ஏனெனில் அதன் தனின் மாவில் விழும் புழுவை அகற்றும் என்பது. நானூறு ஆண்டு உயர்குடியினரின் மண்டபத்தில் விளங்கிய மரம், ஒரு தொழிலாளி மனைவியின் மாப்பெட்டியிலே தன் வேதியியற் குணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டமை எனக்கு இவ்வரலாற்றின் மிக உயர்ந்த இடமாகத் தோன்றுகின்றது.

ஏறக்குறைய 10,000 வீடுகளில் அச்சமையலறை அமைந்தது. குறை இல்லாமலில்லை. இருவர் உள்ளே நின்று வேலை செய்ய இடமில்லை. ஆதலால் சமையல் ஒருத்தியின் தனிவேலையாய் இறுகிற்று என்று பிற்காலப் பெண்கள் கடிந்தனர். அக்கண்டனம் நியாயமானதே. தாம் அதனை வகுக்குமுன் வீட்டில் சமைத்துப் பழகியவரல்லர் என்று ஆசிரியையே பிற்காலத்திற் கூறியதும் உண்டு. ஆயினும் அவர் நோக்கம் பெண்ணை அடுக்களையுட் பூட்டுவதன்று, அவளை விரைவில் வெளியே விடுவதாகும். நாற்சி ஆட்சியை எதிர்த்தமைக்காக 1941 முதல் 1945 வரை சிறையிருந்த அவர், 2000ஆம் ஆண்டில் 102ஆம் வயதிற் காலமானார்.

குளியலறையின் கதை சுருக்கமானது. அங்கே மரம் ஒரு முறை நாடு கடத்தப்பட்டது. விக்டோரியா காலத்துச் செல்வர் நீர்த்தொட்டியையும் கழிகலத்தையும் மகோகனி அல்லது ஓக்குப் பெட்டியுள் மறைத்து வைத்தனர். நோய் நுண்ணுயிரால் வருவது என்னும் அறிவு பரவியதும், அம்மரப் பெட்டிகளின் உட்புறத்தே ஈரமும் அழுக்கும் தங்குவதைச் சுகாதார அறிஞர் சுட்டினர். துவைபோட் என்பவர் 1883ஆம் ஆண்டில் மரமே சேராத, ஒரே பீங்கானாலான கழிகலத்தைச் செய்தார். அதன் பின் பல்லாண்டுகள் குளியலறை பீங்கானும் ஓடும் வெறும் குழாயுமாயிற்று. மரம் அங்கே திரும்பி வந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, முகம் கழுவும் தொட்டியின் கீழ் அமையும் அலுமாரியாக.

இதனிடையே ஓக்குக்கு ஒரு மறுவாழ்வும் கிடைத்தது. ஆலைப் பொருளின் போலிப் பகட்டை வெறுத்த வில்லியம் மொறிஸ் 1861ஆம் ஆண்டில் தம் தொழிலகத்தைத் தொடங்கினார். அவர் வழியிற் சென்ற ஏர்ணஸ்ற் கிம்சனும் பாண்சிலிச் சகோதரரும் 1893ஆம் ஆண்டில் இலண்டனை விட்டுக் கொட்ஸ்வோல்டு நாட்டுப்புறத்திற் குடியேறி, பொருத்தை மறைக்காமல் வெளியே தெரியும்படி விட்டு ஓக்குப் பொருள்கள் செய்தனர். அமெரிக்காவிலே குஸ்ராவ் ஸ்ரிக்லி ஆரை வழியே அறுத்த வெள்ளை ஓக்கை அமோனியா ஆவியில் வைத்து, தனினோடு அது சேர்வதால் உண்டாகும் ஆழ்ந்த கபில நிறத்தைப் பெற்றார். கறை உண்டாக்கும் குணமே இங்குச் சாயமாயிற்று. யோர்க்சயரிலே கில்பேண் என்னும் ஊரில் றொபேட் தொம்சன் வாய்ச்சியாற் செதுக்கிய ஓக்குப் பொருள்களில் ஒரு சிறு எலியைக் கையொப்பமாகப் பொறித்து 1955ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். இவர்கள் எல்லார்க்கும் ஒரு பொது இடர் இருந்தது. உழைப்பாளிக்காகச் செய்யப் புகுந்த பொருள், உழைப்பின் விலையால், செல்வர்க்கே எட்டிற்று. மொறிஸ் அதனை உணர்ந்து வருந்தினார்.

அவ்விடர்க்கு எதிர்பாராத விடை இரண்டாம் உலகப் போரிலே வந்தது. குண்டுவீச்சில் வீடிழந்தோர்க்கும் புதிதாய் மணந்தோர்க்கும் பங்கீட்டு முறையில் வழங்கும்பொருட்டுப் பிரித்தானிய அரசு ஒரே மாதிரியான மனைப்பொருள்களை வகுத்து, 1943ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பட்டியல் வெளியிட்டது. மரம் ஓக்கு அல்லது மகோகனி. சட்டங்கள் கழுந்தாலோ மர முளையாலோ பொருத்தப்பட வேண்டும். 1632ஆம் ஆண்டில் ஒரு கூட்டத்தாரின் உரிமையாயிருந்த பொருத்து, இப்போது அரசாணையாயிற்று. அத்திட்டம் 1952ஆம் ஆண்டில் முடிவுற்றது.

ஆனால் எதிர்காலம் வேறிடத்தில் விளைந்தது. ஜேர்மனியிலே மரச்சீவலைப் பசையோடு அழுத்திப் பலகையாக்கும் முறை 1930களில் உருவாகி, போர்க்காலத்தில் ஆலைத்தொழிலாயிற்று. இப்பலகைக்கு இழையில்லை, ஆகவே ஓக்கைப்போல் ஒருபுறம் மட்டும் விரியாது, சட்டமும் தவாளிப்பும் அதற்கு வேண்டியதில்லை. போருக்குப் பின் 32 மில்லிமீற்றருக்கு ஒரு துளையாக வரிசையிற் துளைத்து, 35 மில்லிமீற்றர் வட்டக் குழியில் மறைபிணைச்சல் பொருத்தும் ஒழுங்கும் அந்நாட்டிலேயே எழுந்தது. அமெரிக்காவில் கீழலுமாரி 24 அங்குல ஆழமும் வேலைத்தட்டோடு 36 அங்குல உயரமும் என்று வழக்கமாயிற்று. அதற்கு முன்பே லிலியன் கில்பிறெத் என்னும் பொறியியல் அறிஞர், தட்டின் உயரம் நிற்பவளின் உயரத்துக்கு ஏற்ப அமைதல் வேண்டும் என்று வாதித்தார். ஆலை அதனைக் கேட்கவில்லை. குட்டையானவளும் நெட்டையானவளும் 36 அங்குலத்துக்கே குனிந்தும் நிமிர்ந்தும் பழகினர்.

‘அளந்து செய்தல்’ என்னும் தனிச் சிறப்பு அப்போதுதான் பிறந்தது. அதற்கு முன் எல்லா அலுமாரியும் ஒரு வீட்டுக்கென, ஒரு சுவருக்கென அளந்தே செய்யப்பட்டன. அதைச் சொல்ல ஒரு பெயர் வேண்டியதில்லை. 1970களிலும் 1980களிலும் அமெரிக்கர் தேன்நிறச் சிவப்பு ஓக்கை விரும்பித் தம் அடுக்களைகளை நிறைத்தனர். ஆங்கிலேயரும் பண்ணைவீட்டு ஓக்கை நாடினர். அவற்றுட் பெரும்பாலன ஆலையிற் செய்த கதவுகளே. ஆயினும் சிறு பட்டறைகள் சிலவற்றுக்கு மீண்டும் வேலை கிடைத்தது.

அப்பட்டறைக்காரன் ஒரு பழைய வீட்டுக்கு அலுமாரி பொருத்தச் செல்லும்போது அவனுக்கு முதற் பகை சுவர்தான். எந்தச் சுவரும் நேரன்று, எந்த மூலையும் செங்கோணமன்று, எந்தத் தரையும் மட்டமன்று. தரையின் மிக உயர்ந்த இடத்தைக் கண்டு, அதிலிருந்து அளந்து சுவர் முழுவதும் நீர்மட்டக் கோடு இடுவான். மேலலுமாரிகளை முதலில் ஏற்றுவோர் பலர். கீழே அலுமாரி நின்றால் அதன்மேற் சாய்ந்து தூக்குதல் இடர். பின்னர் மூலையிலிருந்து தொடங்கிக் கீழலுமாரிகளை நிறுத்தி, அடியிற் சிறு ஆப்புகள் இட்டுக் கோட்டுக்கு உயர்த்துவான். சட்ட முகங்களை ஒன்றோடொன்று இறுக்கித் திருகியபின்பே சுவரின் மரத்தூணிலே திருகாணியை ஏற்றுவான். முன்பே சுவரோடு இறுக்கினால் சுவரின் கோணல் அலுமாரிக்கு ஏறிவிடும். கதவுகள் ஒன்றையொன்று நோக்கா. ஈற்றில் எஞ்சும் இடைவெளிக்கு ஓர் ஓக்குக் கீற்றை வைத்து, கவராயத்தின் ஒரு காலைச் சுவரிலும் மறுகாலை மரத்திலும் ஓட்டி, சுவரின் மேடுபள்ளத்தை அப்படியே மரத்தில் வரைந்து சீவுளியாற் சீவுவான். கீற்றை வைத்ததும் சுவரே நேரானது போலத் தோன்றும். ஆலை அலுமாரிக்கும் இக்கீற்று வேண்டும். 32 மில்லிமீற்றர் ஒழுங்கு சுவரிடம் வரும்போது நின்றுவிடுகின்றது.

குளியலறையிலே அவன் இன்னும் சில காரியம் செய்வான். வெள்ளை ஓக்கைத் தேர்வான். இரும்புத் திருகாணியை விலக்கிப் பித்தளை அல்லது துருவேறா உருக்கினால் ஆயதை இடுவான். மாசிக்காய் மையின் இயல்பு அவனுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் முகத்துக்கு மட்டுமன்றி, பின்புறம், அடிப்புறம், குழாய்க்காக அறுத்த துளையின் உள்விளிம்பு ஆகிய எல்லாவற்றுக்கும் மெருகெண்ணெய் பூசுவான். ஒருபுறம் மட்டும் பூசிய பலகை மறுபுறத்தால் நீராவியைக் குடித்து வளையும்.

கதவு செய்யும்போது ஒரு முறையை மட்டும் அவன் மாற்றுவதில்லை. உட்பலகையைச் சட்டத்துட் செலுத்துமுன்பே அதன் நான்கு விளிம்புக்கும் நிறமும் எண்ணெயும் இட்டுவிடுவான். சட்டத்துட் செலுத்தியபின் பூசினால், தவாளிப்பினுள் மறைந்த விளிம்பு வெறுமையாயிருக்கும். முதற் பனிக்காலத்திலே பலகை சுருங்கும்போது சட்டத்தின் ஓரமாய் வெளிறிய கோடொன்று நெடுகத் தோன்றும்.